கண்காட்சிக்குப் போகும் வெள்ளிக் கிண்ணம்: பட்டடை முதல் பார்வையாளர் கை வரை

நகைக்கடையில் வெள்ளிச் சாமான் வாங்க வருபவர் முதலில் எடையைக் கேட்பார், அடுத்து டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு என்பார். சமகால வெள்ளிக் கண்காட்சிக்கு வருபவர் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பார்ப்பார். கால் வளையம் எப்படிப் பற்றியிருக்கிறது, பற்றவைத்த பொடி வழிந்திருக்கிறதா, விளிம்பை உள்பக்கமும் இழைத்திருக்கிறார்களா என்று தேடுவார். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் ஆண்டுதோறும் நடக்கும் விற்பனைக் கண்காட்சியானாலும், சென்னையில் ஒரு கலைக்கூடம் நடத்தும் பத்து நாள் காட்சியானாலும் இந்தப் பழக்கம் மாறாது. அங்கே விலைபோவது சுத்தியின் அடி. பட்டடையில் நன்றாக விழுந்த அடி, பிறகு பஃப் என்னும் மெருகு மெஷினிலும், சுற்றிய துணியிலும், தவறான விளக்கிலும் காணாமல் போகிறது.

12 செ.மீ. வாயும் 6 செ.மீ. உயரமும் உள்ள ஒரு 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முழு வேலையையும் பார்ப்போம். தட்டு, குவளை, செம்பு எதுவானாலும் வரிசை இதுதான்.

தகடு

தகட்டின் குறுக்களவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: பாத்திரத்தின் அதிகபட்ச அகலத்தோடு உயரத்தைக் கூட்டுங்கள். 12 + 6 = 18 செ.மீ. 1 மி.மீ. கனத்தில் 18 செ.மீ. வட்டம் சுமார் 264 கிராம் வரும், 1.2 மி.மீ. என்றால் 316 கிராம். கடைக்குச் செய்யும்போது 1 மி.மீ. போதும். கண்காட்சிக்கு 1.2 எடுங்கள். மேற்பரப்பைச் சீராக்கும் கடைசிச் சுத்தி வேலையான மட்டத் தட்டுத் தட்டும்போது தகடு மெலியும், நெருப்பில் உண்டாகும் தீக்கறையை எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். மெல்லிய கிண்ணம் கைக்கு வந்ததும் தகர டப்பா போலத் தோன்றிவிடும்.

தகட்டைக் குழித்து, அடியிலிருந்து விளிம்பு வரை சுற்றிச் சுற்றி அடித்துச் சுவரை ஏற்றுவது ஒரு சுற்று. விளிம்பைக் கனமாக்குவதை முதல் சுற்றிலிருந்தே தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்று ஏற்றி முடித்ததும் கிண்ணத்தை மணல் மூட்டையில் நிறுத்தி, விளிம்பின் மேல் நேராக, லேசாக, சுற்றிலும் ஒருமுறை தட்டினால் 1.2 மி.மீ. விளிம்பு கடைசியில் 2 மி.மீ. ஆகும். வேலை முடிந்த பிறகு ஒரே நாளில் கனமாக்கப் பார்த்தால் விளிம்பு மடியும் அல்லது வெடிக்கும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். 925க்கு 600 முதல் 650 டிகிரி. இருட்டில் மட்டும் தெரியும் மங்கிய சிவப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. தெரிகிற வரை ஊதினால் 700ஐத் தாண்டி வெள்ளிக்குள் இருக்கும் நுண்மணிகள் பருத்து, அடுத்த சுற்றில் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பாகிவிடும். அடுப்பு மூலையை இருட்டாக்குங்கள். எப்போது இளக்க வேண்டும் என்பதைச் சுத்தி சொல்லும்: சத்தம் கூர்மையாகி, அடித்த இடம் பின்வாங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். இன்னும் நாலு அடி என்று ஆசைப்பட்டால் விளிம்பில் கீறல் விடும்.

தீக்கறை

பட்டறையில் யார் கண்ணிலும் படாமல் இருந்து, கண்காட்சியில் எல்லோர் கண்ணிலும் படும் குறை இது. 925ல் ஆயிரத்துக்கு 75 பங்கு பெரும்பாலும் செம்புதான். நெருப்பில் ஆக்ஸிஜன் வெள்ளிக்குள் புகுந்து அந்தச் செம்பைப் பிடிக்கிறது. மேலே இருக்கும் கறுப்பு அமிலத்தில் கரைந்துவிடும். தோலுக்கடியில் இருப்பது கரையாது. மெருகு ஏற்றிய பிறகு ஊதா கலந்த சாம்பல் மேகமாக நிற்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன் வெண்மை கிண்ணத்தின் மேல் விழும்படி மெல்லத் திருப்புங்கள். நல்ல வெள்ளி பால் போலத் தெரியும். கறை உள்ள இடம் கரை போட்ட மாதிரி ஓரத்தோடு மங்கலாகத் தெரியும். பட்டறையின் ஒற்றை பல்பில் இது தெரியாது, கலைக்கூடத்தின் வெள்ளை விளக்கில் பளிச்சென்று தெரியும்.

வராமல் தடுக்க, நெருப்பில் காட்டும் ஒவ்வொரு முறையும் போரிக் அமிலத்தைச் ஸ்பிரிட்டில் கரைத்து உள்ளும் புறமும் பூசுங்கள். அடுப்பிலிருந்து தள்ளி ஸ்பிரிட்டைப் பற்றவைத்து எரியவிட்டால் வெள்ளைப் பூச்சு மட்டும் நிற்கும். ஸ்பிரிட் பாட்டிலை மூடி அடுத்த அறையில் வைத்த பிறகே தீக்குச்சியை எடுங்கள். வந்துவிட்ட கறைக்கு உப்புத்தாள்தான் வழி: 400, 600, 1000 என்று ஈரத்தில் இழைத்து எடுக்க வேண்டும். மட்டத் தட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். சுத்தி அடி விழுந்த பிறகு கறையை இழைத்தால் அடியும் சேர்ந்து போகும்.

இன்னொரு வழியும் உண்டு. கிண்ணத்தைச் சூடாக்கி அமிலத்தில் போட்டு, திரும்பச் சூடாக்கிப் போட்டு, ஐந்தாறு முறை செய்தால் மேல்தோலில் செம்பு போய்ச் சுத்த வெள்ளித் தோல் மட்டும் நிற்கும். சுண்ணாம்பு போன்ற அந்த வெண்மையைச் சமகால வேலைகளில் விரும்பியே விடுகிறார்கள். அழகுதான், ஆனால் விரல் பட்ட இடமெல்லாம் தடம் நிற்கும். கையில் எடுத்துப் பார்க்கும் பொருளுக்கு அது சரிப்படாது.

அமிலம் என்றால் 10 சதவீதக் கந்தக அமிலம். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விட்டால் மேலே தெறிக்கும். படிக்காரக் கரைசலைச் சூடாக வைத்தும் வேலை நடக்கும், நேரம் மட்டும் கூடுதல். இரும்புக் குறட்டை உள்ளே விடாதீர்கள். கரைசலில் இருக்கும் செம்பு வெள்ளியின் மேல் படிந்து கிண்ணம் இளஞ்சிவப்பாக வெளியே வரும். செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கி போதும்.

மட்டத் தட்டு

வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. சுத்தி முகத்தையும் பட்டடை முகத்தையும் கண்ணாடி போல மெருகேற்றுங்கள். சுத்தி முகத்தில் ஒரு கீறல் இருந்தால் அது ஆயிரம் அடியிலும் ஆயிரம் முறை பதியும். ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் கிண்ணம் வந்தால் உலோகத்தைக் குறை சொல்லாதீர்கள், சுத்தியைத் திருப்பிப் பாருங்கள்.

காம்பஸ் வைத்து நடுவிலிருந்து 5 மி.மீ. இடைவெளியில் பென்சில் வட்டங்கள் போடுங்கள். பட்டடையின் வளைவு கிண்ணத்தின் வளைவைவிடக் கொஞ்சம் கூர்மையாக இருக்க வேண்டும். அப்போதுதான் தகடு ஒரே புள்ளியில் தொடும். சுத்தி எப்போதும் அந்தப் புள்ளியின் மேல், ஒரே உயரத்திலிருந்து விழும், நகர்வது கிண்ணம்தான். அடி சரியான இடத்தில் விழுந்தால் கணீரென்று திடமான சத்தம் வரும். கீழே பட்டடை தொடாத இடத்தில் விழுந்தால் சத்தம் பொத்தென்று கேட்கும், தகட்டில் குழி விழும். காதால் செய்யும் வேலை இது. பக்கத்தில் ரேடியோ பாட வேண்டாம்.

ஒவ்வொரு அடியும் 4 முதல் 5 மி.மீ. தட்டை முகமாக, அடுத்த அடியின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றபடி விழ வேண்டும். ஒரு வட்டம் முடிந்ததும் ஜன்னல் பக்கம் திருப்பினால் வெளிச்சம் ஒவ்வொரு முகத்திலும் தனித்தனியாகத் துள்ளும். இடையில் ஓரிடம் செத்துக் கிடந்தால் அங்கே ஓர் அடி குறைகிறது. வரிசை கோணலாகிவிட்டதென்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்துத் திருத்தாதீர்கள். அந்த இடம் மெலிந்து வெளியே புடைக்கும், பிறகு உள்ளே தள்ளவே முடியாது.

கால் வளையம், பொடி

3 மி.மீ. சதுரக் கம்பியை 5 செ.மீ. வளையமாக்கினால் சுமார் 15 கிராம். வளையத்தின் சொந்த இணைப்புக்கு உயர்சூட்டில் உருகும் பற்றவைப்புப் பொடி (சுமார் 750 டிகிரி), கிண்ணத்தோடு சேர்க்கும்போது அதைவிடத் தாழ்சூட்டுப் பொடி (720 டிகிரி அளவு). இரண்டுக்கும் ஒரே பொடி வைத்தால் இரண்டாம் முறை ஊதும்போது முதல் இணைப்பு வாய்பிளக்கும். 925 வெள்ளியே 800 டிகிரியைத் தாண்டியதும் உருகத் தொடங்கும் என்பதால் விளையாட இடமில்லை. வளையத்தை மட்டும் ஊதாமல் கிண்ணம் முழுவதையும் சூடாக்குங்கள். பொடி சூடு உள்ள பக்கம்தான் ஓடும்.

சந்தையில் கே.டி.எம். என்று சொல்லும் காட்மியம் பொடி சுலபமாக ஓடும், அதற்காக அதைத் தொடாதீர்கள். ஊதுகிறவர் நுரையீரலுக்கு அந்தப் புகை விஷம், சாப்பாட்டுப் பாத்திரத்திலும் இருக்கக் கூடாது. ‘காட்மியம் இல்லாதது’ என்று எழுதியிருக்கும் பொடியைக் கேட்டு வாங்குங்கள்.

காலை உள்ளீடற்ற குழாயாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் 1 மி.மீ. துளை கட்டாயம். துளை இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் வெடிக்கும். துளை இருந்தால் அதன் வழியே அமிலம் உள்ளே போகும். சமையல் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நன்றாகக் காயவையுங்கள். இதை விட்டுவிட்டால் மூன்று வாரம் கழித்து, பெரும்பாலும் காட்சி நடக்கும்போது, இணைப்பிலிருந்து பச்சை வெள்ளைப் பொடி கசியும்.

கடைசியில் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து விளிம்பில் விரலால் தட்டுங்கள். டக்டக் என்று ஆடினால், அதே கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் கால் வளையத்தை எட்டு போட்டபடி தேயுங்கள்.

முத்திரை

சுத்தத்தைச் சோதித்து அடிக்கும் ஹால்மார்க் முத்திரைக்கு அனுப்புவது எல்லாப் பற்றவைப்பும் முடிந்து, கடைசி மெருகுக்கு முன். இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு பெற்றிருந்தால் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் தரலாம். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் எச்.யு.ஐ.டி. எண் (பொருளுக்குப் பொருள் தனி அடையாள எண்) முறை வந்திருக்கிறது, கட்டாயமாக்காமல் விருப்பப்படி. எங்கே போட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்: கால் வளையத்துக்குள், அடியில். சொல்லாவிட்டால் அவர்களுக்கு வசதியான இடத்தில் விழும். உங்கள் சொந்த முத்திரையையும் அதன் பக்கத்திலேயே அடித்துவிடுங்கள். அச்சு வெட்டு உள்பக்கம் புடைக்காமல் இருக்க உள்ளே சரியாகப் பொருந்தும் பட்டடை வேண்டும்.

பிரிட்டனில் விற்கப் போவதாக இருந்தால் விதி கடுமை. 7.78 கிராமுக்கு மேல் உள்ள பொருளை ஹால்மார்க் இல்லாமல் வெள்ளி என்று சொல்லி விற்க முடியாது. லண்டன், பர்மிங்காம், ஷெஃபீல்ட், எடின்பரோ ஆகிய நான்கு சோதனைக் கூடங்களில் ஒன்றில் உங்கள் முத்திரையைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஹால்மார்க் என்ற சொல்லே லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் பிறந்ததுதான்.

மெருகு

பஃப் மெஷினில் கிண்ணத்தைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் 45 மணி நேர வேலை வழுக்கிப் போய்விடும். சுத்தி அடித்த முகங்களின் ஓரம் மழுங்கி, எல்லாம் உருகிய மெழுகு மாதிரித் தெரியும். சுத்தி முகம் கண்ணாடியாக இருந்திருந்தால் மெருகில் பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. மீதிக்குப் பூந்திக்கொட்டை நுரையில் நனைத்த மெருகுக்கோல், பிறகு சாக்பீஸ் போன்ற வெள்ளைச் சுண்ணத் தூள், கடைசியாக மென்மையான துணியில் ரூஜ் என்னும் சிவப்பு மெருகுத் தூள், அவ்வளவுதான். உள்பக்கத்தைக் கொஞ்சம் மங்கலாக விட்டு வெளியே மட்டும் மின்ன விடுவது நல்ல உத்தி. உள்ளே கண் தங்கும்.

மேடை, துணி, விளக்கு

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். கம்பளி, ஃபெல்ட், ரப்பர், சில வெல்வெட் சாயங்கள், ரப்பர் கலந்த பசைகள், புதுப் பெயின்ட் ஆகியவற்றிலிருந்து அது வரலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்டால் வெளியே மெல்லக் கறுப்பது உள்ளே சீக்கிரமே கறுக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973ல் வகுத்த சோதனை இன்றும் அருங்காட்சியகங்களில் நடக்கிறது: சந்தேகப்படும் பொருளையும் மெருகேற்றிய உலோகத் துண்டையும் கொஞ்சம் ஈரத்தோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். பட்டறையில் இதையே எளிதாகச் செய்யலாம். விரிக்கப்போகும் துணியில் ஒரு துண்டு, மெருகேற்றிய வெள்ளித் துண்டு, ஈரப் பஞ்சு மூன்றையும் ஊறுகாய் பாட்டிலில் ஒன்றையொன்று தொடாமல் அடைத்து வெயில் படும் இடத்தில் ஒரு மாதம் வையுங்கள். வெள்ளி மஞ்சளித்தால் அந்தத் துணி வேண்டாம். சாயமில்லாத, கஞ்சி போக அலசிய பருத்தித் துணி பெரும்பாலும் தேறிவிடும். மேடைக்குப் பெயின்ட் அடித்தால் காட்சிக்கு மூன்று வாரம் முன்பே அடித்துக் காற்றில் விடச் சொல்லுங்கள்.

கிண்ணம் வைக்கும் மேடை 95 முதல் 105 செ.மீ. உயரம். கண் மட்டத்துக்கு ஏற்றிவிட்டால் உள்பக்கம் தெரியாது. விளக்கு கண்ணாடியில் விழுவதைப் போலத்தான் வெள்ளியிலும் விழும்: நேர் மேலே ஒரு கூர்மையான ஸ்பாட் வைத்தால் ஒரு வெள்ளைப் புள்ளியும் சுற்றிலும் கறுப்பும்தான் தெரியும். சுத்தி அடி தெரிய, பக்கவாட்டில் தாழ்ந்து விழும் விளக்கு ஒன்று; அதற்கு எதிரே வெள்ளை அட்டை ஒன்று. தஞ்சாவூர்த் தட்டு போன்ற புடைப்பு நகாசுக்கும் இதே பக்க வெளிச்சம்தான். பெட்டிக்குள் விளக்கு இருந்தால் எல்.இ.டி. மட்டும், அதன் மின்மாற்றி பெட்டிக்கு வெளியே.

கண்காட்சித் தேர்வுக்கு அனுப்பும் படங்களுக்கும் இது பொருந்தும். சாம்பல் தாளை வளைத்து விரித்து, மெல்லிய வெள்ளைத் துணி வழியே வெளிச்சம் விட்டு, கிண்ணத்தின் இரு ஓரத்திலும் கறுப்பு அட்டைப் பட்டை நிறுத்தினால் உருவம் வெட்டிய மாதிரித் தெளியும். போலரைசர் வடிகட்டியை நம்பாதீர்கள், வெறும் உலோகத்தின் மினுமினுப்பை அது குறைக்காது. முழு உருவம், அடிப்பக்கம், கிட்டத்தில் சுத்தி அடி என்று மூன்று படம் போதும்.

தொட ஒன்று

கண்ணாடிக்குள் இருக்கும் கிண்ணத்தைவிட, வெளியே கையில் எடுத்துப் பார்க்கக் கிடக்கும் ஒரு துண்டு அதிகம் விற்றுத் தரும். கூடத்துக்குள் ஊதுகுழல் பற்றவைக்க விடமாட்டார்கள். எனவே 18 செ.மீ. செம்புத் தகடுகள் ஐந்தில் வேலையின் ஐந்து நிலைகளைச் செய்து வரிசையாக வையுங்கள்: வெறும் தகடு, குழித்தது, முதல் சுற்று ஏறியது, மூன்றாம் சுற்று, பாதி மட்டத் தட்டு முடிந்தது. 1 மி.மீ. செம்பில் ஒன்று சுமார் 228 கிராம்தான். ஐந்தாவதில் பாதியை மட்டும் தட்டி மீதியை அப்படியே விடுங்கள். தட்டிய பக்கத்தையும் தட்டாத பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தவருக்கு விலை ஏன் இவ்வளவு என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

மொத்தம் ஐந்து முதல் ஏழு பொருள் போதும். ஓரத்தில் கொஞ்சம் கொலுசும் மெட்டியும் வைத்தால் ஓடும் என்று தோன்றும். ஓடும்தான். ஆனால் கிண்ணத்தைக் கேட்க வந்தவர்களும் கிராம் விலை கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

விலை

வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 320 கிராமுக்கு 64,000. 45 மணி நேரத்துக்கு மணிக்கு 400 வீதம் 18,000. எரிவாயு, முத்திரை, பொதி, பயணம் எல்லாம் 8,000. உங்கள் கைக்கு வர வேண்டியது 90,000. கலைக்கூடம் 40 சதவீதம் எடுக்கும் என்றால் பலரும் 90,000க்கு மேல் 40 சதவீதம் கூட்டி 1,26,000 என்று எழுதிவிடுகிறார்கள். அதில் 40 சதவீதம் போனால் கையில் நிற்பது 75,600. கூலியில் ஐந்தில் நாலு பங்கு போயே போச்சு. 90,000ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும்: 1,50,000.

இதைவிட நல்லது, வெள்ளியின் விலைக்குக் கமிஷன் கிடையாது, செய்வேலைக்கு மட்டும்தான் என்று முன்கூட்டியே பேசுவது. அப்போது 26,000ஐ மட்டும் 0.6ஆல் வகுத்து 64,000த்தைச் சேர்த்தால் விலை சுமார் 1,07,300 ஆகிறது, உங்கள் கைக்கு அதே 90,000. கனமான பாத்திரத்துக்கு இந்தப் பேச்சு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, தனியா என்று விலைச்சீட்டிலேயே இருக்கட்டும். வெள்ளி விலை ஏறி இறங்குவதால், விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் ஒப்பந்தத்தில் வேண்டும். சீட்டில் பொருளின் பெயர், 925 வெள்ளி, எந்த முறையில் செய்தது, அளவு, எடை, ஆண்டு ஆகியவை வந்தால் போதும், கவிதை வேண்டாம்.

அனுப்புவதும் திரும்புவதும்

அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, மேலே அலசிய பருத்தி, அதன் மேல் மூடியிட்ட பாலித்தீன் பையில் சிலிக்கா ஜெல், ஆக்டிவேட்டட் கரிப் பொட்டலம் ஒன்று. பிறகுதான் பெட்டியும் பஞ்சும். செய்தித்தாள் வேண்டாம். ரப்பர் பேண்ட் அறவே வேண்டாம்: தாளைத் தாண்டியும் அதன் கோடு வெள்ளியில் கறுப்பாக விழும். கையுறை என்றால் நைட்ரைல். பருத்தியில் வியர்வை ஊறி இறங்கும், லேட்டெக்ஸில் கந்தகம் இருக்கும்.

விற்றால் கணக்கு, விற்காவிட்டால் திரும்பும் என்ற ஏற்பாட்டில் போகும் சரக்குக்கு டெலிவரி சலான் போட்டு அனுப்புங்கள். விற்றால் அப்போதே பில், இல்லாவிட்டால் அனுப்பிய ஆறு மாதத்துக்குள் பில் போட வேண்டும் அல்லது பொருள் திரும்பியிருக்க வேண்டும். வெளிநாட்டுக் காட்சிக்கு, திரும்பக் கொண்டுவரும் பொருளானால் ஏ.டி.ஏ. கார்னே (தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பொருளுக்கான சுங்க ஆவணம்) எடுக்கலாம். இந்தியாவில் அதை வழங்குவது ஃபிக்கி என்னும் வர்த்தக, தொழில் கூட்டமைப்பு. அங்கேயே விற்கும் எண்ணமிருந்தால் அது உதவாது, முறையான ஏற்றுமதிதான்.

ஒப்படைக்கும்போது ஒவ்வொரு பொருளின் எடையும் நான்கு பக்கப் படமும் கையெழுத்தோடு இரண்டு பிரதி. காட்சி முடியும் மாலையில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். அப்போதுதான் விளிம்பு நசுங்கும். விளக்கு அணைவதற்கு முன்பே தராசை வெளியே எடுத்து, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்திலிருந்து சரிபாருங்கள்.